வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாதபோது பிள்ளைக்கு எப்படி உதவுவது?

மகள் சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள், எங்கள் இருவருக்கும் ஒரு சொல்கூடத் தெரியாது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள் என்றால் உங்களால் நிறையவே உதவ முடியும். நம் பிள்ளைகள் பிரெஞ்சு எழுத்தைப் பார்த்தவுடன் ஆங்கிலமாகப் படித்துவிடுகிறார்கள். உச்சரிப்பு முதலில் கெடுவது அங்கேதான்.

மேசைக்கான சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'டேபிள்'. பிரெஞ்சில் அதே எழுத்துகள்தான், ஆனால் தொடக்கம் நம் 'த': 'தாப்ள்'. நாக்கு நுனி பல்லைத் தொட வேண்டும். அடுத்தது மூக்கொலி. 'மரம்' என்பதைப் பேச்சுவழக்கில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுவதில்லை, ஓசை மூக்குவழியே போய்விடுகிறது. 'நல்ல' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லும் ஏறக்குறைய அப்படித்தான் முடியும். மகள் இறுதியில் 'ன்' என்று அழுத்தினால் நிறுத்தி, 'மரம்' சொல்லச் சொல்லுங்கள்.

தமிழ் கைகொடுக்காத ஒலியும் உண்டு. 'ஈ' என்று இழுத்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவித்தால் அது வரும். இதை விட்டுவிடாதீர்கள்: 'மேலே' (dessus), 'கீழே' (dessous) என்ற இரு பிரெஞ்சுச் சொற்களுக்கும் இடையே வித்தியாசம் இந்த ஒலிக்கும் சாதாரண 'ஊ'வுக்கும் உள்ளதுதான். ஒரு பொருளை மேசைமேலும் கீழும் வைத்துக் கேட்டுப் பழக்கலாம். அவள் சொன்னது சரியா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கைபேசியின் குரல்வழித் தட்டச்சைப் பிரெஞ்சுக்கு மாற்றி, தனிச்சொல்லாகச் சொல்லச் சொல்லுங்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் கைபேசி சூழலை வைத்துத் தானே திருத்திவிடும், பிழை தெரியாது.

நோட்டில் பிரெஞ்சுச் சொல்லுக்கு மேல் தமிழில் உச்சரிப்பை எழுதவே விடாதீர்கள். பிரெஞ்சில் 'மீன்', 'பானம்' இரண்டுக்கும் முதல் ஒலி மட்டுமே வேறு. தமிழில் இரண்டையும் 'ப' போட்டுத்தான் எழுதுவாள்.

அடுத்த தலைவலி, பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால். நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை. அங்கே மேசை பெண், புத்தகம் ஆண். இதற்குக் காரணம் தேடுவது வீண். ஒவ்வொரு புதுச் சொல்லையும் 'ஒரு' என்ற முன்சொல்லோடு (ஆண்பாலுக்கு 'அன்', பெண்பாலுக்கு 'யூன்') சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். பலர் 'ல' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) என்ற முன்சொற்களைப் போட்டு எழுதச் சொல்வார்கள். ஆனால் உயிரெழுத்துக்கு முன் இரண்டும் சுருங்கி ஒன்றாகிவிடும். 'லெகோல்' என்று படித்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எந்தப் பால் என்று தெரியாது, 'யூன் எகோல்' என்று படித்த பிள்ளைக்குத் தெரியும்.

நீ, நீங்கள் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை, பிரெஞ்சில் உண்டு. ஆசிரியரிடம் 'வூ' (நீங்கள்) என்று நம் பிள்ளைகள் எளிதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் பிரெஞ்சுக் குடும்பங்களில் தாத்தா பாட்டியையும் பொதுவாக 'நீ' என்றுதான் அழைப்பார்கள். அது மரியாதைக்குறைவு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் வகுப்பு வாரத்துக்கு ஒருமுறைதான். பிள்ளை ஒரு வகுப்புக்குப் போகாவிட்டால் இரண்டு வார இடைவெளி. அடுத்த வகுப்புக்கு முந்தின இரவு இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் 15 நிமிடம் சத்தமாகப் படிப்பது பலன் தரும். அதில் வாரம் இரு நாள் ஐந்து வரி சொல்வதெழுதுதல் வையுங்கள், வரிகளைக் கைபேசியே வாசிக்கட்டும். வினைச்சொல்லின் கடைசி எழுத்துகள் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. 'நான் பேசுகிறேன்', 'நீ பேசுகிறாய்', 'அவர்கள் பேசுகிறார்கள்' மூன்றிலும் வினை காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும், எழுத்தில் மூன்றும் வேறு. பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் எழுத்தில் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

மேலும் ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு உண்டு. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். தேற மொத்தம் 50 வேண்டும். ஆனால் ஏதாவது ஒன்றில் 5க்குக் கீழே போனாலும் தேர்ச்சி கிடையாது. அதனால் பேசக் கூச்சப்படும் பிள்ளையை எழுத்துப் பயிற்சியிலேயே விட்டுவைக்காதீர்கள்.

எண்கள் கடினம். 80 என்பது 'நான்கு இருபது', 97 என்பது 'நான்கு இருபது பதினேழு'. பிரெஞ்சுக்காரர்கள் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகத்தான் சொல்வார்கள். நம் எட்டு இலக்க எண்ணும் சரியாக நான்கு சோடியாகப் பிரியும். எம்ஆர்டி ரயிலில் போகும்போது உங்கள் எண்ணையும் பாட்டியின் எண்ணையும் அப்படிச் சொல்லச் சொல்லுங்கள்.