ஒரே ஒரு தடவை உருவாகும் எனாமல்: பல் வளர்ச்சி பற்றிக் கேள்வி பதில்

பல் மருத்துவ மாணவர்களுக்கு வாய்த் திசுவியல் பாடம் எடுக்கிறேன். பல்லின் வெளி உறையான எனாமலும் அதன் அடியில் இருக்கும் டென்டினும் எப்படி உருவாகின்றன என்பதில் சந்தேகம் இருப்பவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். மாணவர்கள், பெற்றோர், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பள்ளி மாணவர்): சார், எனாமல், டென்டின் இரண்டில் எது முதலில் உருவாகும்? எனாமல் வெளியே இருப்பதால் அது கடைசியில்தான் வரும் என்று எழுதினேன். நண்பன் இல்லை என்கிறான்.

விடை சரி தம்பி, டென்டின்தான் முதலில். ஆனால் நீங்கள் சொன்ன காரணம் சரியில்லை. உண்மையான காரணம் இன்னும் அழகானது.

கரு ஆறு வாரம் ஆகும்போது வாய்க்குள் இருக்கும் மேல்தோல் திசு தாடை நெடுகத் தடித்து உள்ளே இறங்க ஆரம்பிக்கிறது. அங்கங்கே மொட்டு போலப் புடைத்து, பிறகு தொப்பி வடிவம் எடுத்து, கடைசியில் மணி வடிவத்துக்கு வருகிறது. அந்த மணியின் உள்பக்கத்தில் அடைந்திருப்பது வேறொரு திசு. மூளையும் தண்டுவடமும் உருவாகும் இடத்தின் விளிம்பிலிருந்து கிளம்பி முகத்துக்கு வந்து சேர்ந்த நரம்பு முகட்டுச் செல்களால் ஆனது அது. மணியின் உள்வரிசைச் செல்கள் பின்னாளில் எனாமலை உருவாக்கும் அமெலோபிளாஸ்ட்களாக மாறும். அவற்றை ஒட்டி உள்ளே இருக்கும் செல்கள் டென்டினை உருவாக்கும் ஒடோன்டோபிளாஸ்ட்களாக மாறும். ஆக, எனாமலும் டென்டினும் இரண்டு வெவ்வேறு வம்சத்துச் செல்களின் வேலை.

இரண்டு தரப்பும் தாமாக வேலையைத் தொடங்குவதில்லை. மேல்தோல் வரிசை முதலில் புரதச் சமிக்ஞைகளை அனுப்புகிறது. அது கிடைத்ததும் உள்ளே இருக்கும் செல்கள் ஒடோன்டோபிளாஸ்ட்களாகி முதல் டென்டின் படலத்தை இடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருந்த மெல்லிய சவ்வு கரைகிறது. டென்டின் பக்கத்திலிருந்து பதில் சமிக்ஞை வந்த பிறகுதான் எதிர்வரிசை முழுமையான அமெலோபிளாஸ்ட்களாக மாறி எனாமலைச் சுரக்கும். டென்டின் வராத இடத்தில் எனாமல் வராது. உங்கள் கேள்விக்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் பின்வாங்கிப் போனால் எப்படி இருக்கும்? இங்கேயும் அப்படித்தான். எனாமல் செல்கள் வெளிநோக்கி நகர்கின்றன, டென்டின் செல்கள் உள்நோக்கி நகர்கின்றன. அதனால் வேலை முடியும்போது எனாமல் செல்கள் பல்லின் வெளிப்பரப்பிலும், டென்டின் செல்கள் உள்ளே, பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசுவான பற்கூழின் ஓரத்திலும் போய் நிற்கின்றன. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு விஷயத்திலேயே இருக்கிறது.

கேள்வி (பல் மருத்துவம் முதலாம் ஆண்டு மாணவி): எனாமல் உருவாவதில் சுரப்புக் கட்டம், முதிர்வுக் கட்டம் என்று இரண்டு படிக்கிறோம். முதல் கட்டத்திலேயே முழு தடிமனும் வந்துவிடுகிறதே, இரண்டாவது எதற்கு?

தடிமன் வந்துவிடும், உறுதி வராது. சுரப்புக் கட்டத்தில் அமெலோபிளாஸ்ட் நாளொன்றுக்குச் சுமார் 4 மைக்ரோமீட்டர் அளவில் எனாமலை இட்டுக்கொண்டே போகிறது. அப்போது எடைக்கணக்கில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் கனிமம். மீதி புரதமும் நீரும். அந்தப் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு அமெலோஜெனின். கூடவே அமெலோபிளாஸ்டின், எனாமலின் என்ற புரதங்களும் உண்டு. இந்தப் புரதப் படுக்கையில்தான் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட்டின் படிகங்கள் மெல்லிய நாடாக்களாக நீளவாக்கில் வளர்கின்றன.

முதிர்வுக் கட்டத்தில் வேலையே வேறு. போட்ட புரதத்தை வெட்டித் துண்டாக்கி வெளியே எடுக்க வேண்டும், காலியான இடத்தில் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் நிரப்ப வேண்டும். எம்எம்பி-20 என்ற நொதி சுரப்புக் கட்டத்திலேயே வெட்ட ஆரம்பித்துவிடும். மிச்சத்தை முதிர்வுக் கட்டத்தில் கேஎல்கே-4 முடித்துவைக்கும். நாடாவாக இருந்த படிகங்கள் அகலத்திலும் தடிமனிலும் பருத்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. படிகம் வளர வளர அமிலம் வெளிப்படும் என்பதால் அதைச் சமன்செய்ய அமெலோபிளாஸ்ட்கள் பைகார்பனேட்டையும் தர வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் செல்லின் நுனி சில நேரம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும், சில நேரம் வழவழப்பாகிவிடும். இப்படி மாறி மாறி வருவதை வெறும் மனப்பாட வரியாகப் படிக்காதீர்கள். கனிமத்தை உள்ளே அனுப்புவதும், கழிவை வெளியே விடுவதும், அமிலத்தைச் சரிக்கட்டுவதும் முறை வைத்து நடக்கின்றன என்பதன் அடையாளம் அது. எல்லாம் முடிந்த பிறகு எனாமலில் எடைக்கணக்கில் 96 சதவீதம் கனிமம். உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை.

தேர்வில் உதவும் ஒரு குறிப்பு: சுரப்புக் கட்டத்தில் தடை வந்தால் எனாமலின் அளவு குறையும். குழியாகவோ மெலிந்தோ இருக்கும். முதிர்வுக் கட்டத்தில் தடை வந்தால் அளவு சரியாக இருக்கும், தரம் குறையும். வெண்திட்டாகவோ பழுப்பாகவோ, மென்மையாகவோ இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் பெரும்பாலான எனாமல் குறைபாடுகளை நீங்களே வகைப்படுத்திவிடலாம்.

கேள்வி: தேய்ந்த எனாமலைத் திரும்ப வளர வைக்கும் என்று பற்பசை விளம்பரங்களில் சொல்கிறார்களே, நடக்குமா?

நடக்காது. எனாமலை உருவாக்கிய செல்கள் பல்லின் வெளிப்பரப்பில் நின்றன என்று சொன்னேன் அல்லவா? அவற்றில் ஏறத்தாழ பாதி, வேலை நடக்கும்போதே இறந்துவிடும். மீதி ஒரு மெல்லிய படலமாகச் சுருங்கி, பல் ஈறைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போது போய்விடும். வாயில் தெரியும் பல்லின் எனாமலில் உயிருள்ள ஒரு செல்கூட இல்லை. பிறகு யார் உருவாக்குவது?

ஆனால் விளம்பரத்தில் ஒரு சிறு உண்மையும் இருக்கிறது. வாயில் அமிலத்தன்மை கூடி பிஎச் 5.5 அளவுக்குக் கீழே போனால் எனாமல் கனிமத்தை இழக்கும். உமிழ்நீர் அதைச் சமன்செய்ததும் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் படியும். ஃபுளோரைடு இருந்தால் இந்தப் படிவு வேகமாகவும் அமிலத்தைக் கூடுதலாகத் தாங்குவதாகவும் அமையும். குழி விழாத ஆரம்பக்கட்டச் சொத்தையை இப்படி நிறுத்தவோ பின்வாங்க வைக்கவோ முடியும். இருக்கும் படிகத்தைச் சீர்செய்வது இது. தேய்ந்தோ உடைந்தோ போன தடிமன் இதனால் திரும்பாது.

கேள்வி: அப்படியென்றால் டென்டினும் வளராதா? பெரிய சொத்தைக்கு மருந்து வைத்து, உள்ளே பல் தானே வளரட்டும் என்று காத்திருக்கச் சொன்னார் என் மருத்துவர்.

அவர் சொன்னது சரி. ஒடோன்டோபிளாஸ்ட்கள் உள்நோக்கி நகர்ந்தவை. அதனால் பல் உயிரோடு இருக்கும்வரை அவையும் பற்கூழின் ஓரத்தில் உயிரோடு இருக்கின்றன. நகரும்போது ஒவ்வொன்றும் தன் நீண்ட வால் ஒன்றை டென்டினுக்குள் விட்டுச்செல்கிறது. அதைச் சுற்றி உருவாவதுதான் டென்டின் நுண்குழாய். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் குழாய்கள் இருக்கும், பற்கூழை நெருங்க நெருங்க இன்னும் நெருக்கமாக.

டென்டின் உருவாகும் முறையும் எனாமலைப் போல அல்ல. முதலில் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளாலான, கனிமம் ஏறாத முன்டென்டின் இடப்படும். பிறகு அதில் கனிமம் ஏறும். கொலாஜன் வெளியேற்றப்படுவதில்லை, உள்ளேயே தங்கிவிடும். கனிமம் 70, புரதமும் பிற கரிமப் பொருளும் 20, நீர் 10 சதவீதம் என்பது தோராயக் கணக்கு. கொலாஜன் இருப்பதால் டென்டின் சற்று வளைந்துகொடுக்கும். எனாமல் அவ்வளவு கடினமாக இருந்தும் எளிதில் நொறுங்காமல் இருப்பது அடியில் டென்டின் தாங்குவதால்தான். சொத்தை டென்டினை அரித்துவிட்டால் மேலே நன்றாகத் தெரிந்த எனாமல் ஒருநாள் சட்டென்று உடைந்து விழுவதும் இதனால்தான்.

பல் முழுதாக வளர்ந்த பிறகும் வாழ்நாள் முழுக்க டென்டின் மெதுவாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். சொத்தையோ தேய்மானமோ வந்தால் அந்த இடத்துக்கு நேரே கூடுதலாக ஒரு தடுப்பு டென்டின் உருவாகும். பழைய செல்கள் இறந்திருந்தால் பற்கூழில் இருக்கும் மூலச்செல்கள் புதிய டென்டின் செல்களாகி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். உங்கள் மருத்துவர் வைத்த மருந்து பெரும்பாலும் கால்சியம் சார்ந்ததாக இருக்கும். இந்த இயற்கை வேலையைத் தூண்டத்தான் அது. சொன்ன தேதியில் தவறாமல் போய்க் காட்டுங்கள். பற்கூழ் உயிரோடு இருக்கிறதா என்று அவர் சோதிக்க வேண்டும்.

கேள்வி (ஒரு தாய்): என் மகளுக்கு ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப் பல்லே மஞ்சளும் பழுப்புமாக, ஓரம் உதிர்ந்து வந்திருக்கிறது. கர்ப்பத்தில் நான் கால்சியம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அம்மா, முதலில் அந்தப் பழியை இறக்கி வையுங்கள். அந்தப் பல்லின் கனிமமேற்றம் பிறப்பை ஒட்டித்தான் தொடங்குகிறது. அதன் எனாமல் முடிய மூன்று வயது ஆகிவிடும். நீங்கள் கர்ப்பமாக இருந்த மாதங்களில் அந்தப் பல்லின் எனாமல் வேலை கிட்டத்தட்ட ஆரம்பிக்கவே இல்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் கடைவாய்ப் பற்களிலும் சிலருக்கு முன்பற்களிலும் வரும் கனிமக் குறைபாடாக இருக்கலாம். நேரில் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். எனாமலின் முதிர்வுக் கட்டம் தடைபடுவதால் வருவது இது. பிறக்கும்போது ஏற்படும் சிக்கல்கள், முதல் சில ஆண்டுகளில் வரும் காய்ச்சல், நோய்கள், மரபணுச் சாய்வு எல்லாம் சேர்ந்து வேலை செய்வதாகத் தெரிகிறது. ஒற்றைக் காரணம் என்று எதையும் காட்ட முடியாது. இந்த எனாமலில் புரதம் மிச்சமாகத் தங்கியிருக்கும், துளைகளும் அதிகம். அதனால் பல் கூசும், எளிதில் உதிரும், சொத்தையும் சீக்கிரம் பிடிக்கும். கூச்சத்துக்குப் பயந்து குழந்தை அந்தப் பக்கம் துலக்காமல் விட்டுவிடுவாள், அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். தாமதிக்காமல் குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபுளோரைடு பூச்சு, குழிகளை மூடும் பூச்சு, தேவைப்பட்டால் உறை என்று நிறைய வழி இருக்கிறது. சீக்கிரம் போனால் பல்லைக் காப்பாற்றுவது சுலபம்.

கேள்வி: ஃபுளோரைடு பல்லைக் காக்கும் என்கிறீர்கள், அதுவே கறையும் உண்டாக்கும் என்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை. எப்போது, எவ்வளவு என்பதுதான் விஷயம். முளைத்த பல்லின் மேல் படும் ஃபுளோரைடு காக்கிறது. தாடைக்குள் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து அதிகமாக விழுங்கினால் முதிர்வுக் கட்டத்தில் புரதம் வெளியேறுவது தாமதமாகி, வெண்கோடும் திட்டும், கடுமையானால் பழுப்பும் குழியும் வரும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சுமார் எட்டு வயதுக்குள் ஞானப்பல் தவிர மற்ற பற்களின் எனாமல் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு முன்பற்களில் இந்தக் கறை புதிதாக வராது. ஆகவே ஃபுளோரைடு பற்பசையை நிறுத்த வேண்டாம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். துப்பப் பழக்குங்கள்.

கேள்வி: டெட்ராசைக்ளின் மாத்திரையால் பல் நிறம் மாறும் என்பது?

உண்மைதான். அந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கால்சியத்தோடு பிணைந்து, உருவாகிக்கொண்டிருக்கும் டென்டினிலும் ஓரளவு எனாமலிலும் தங்கிவிடும். மஞ்சளாகத் தொடங்கி வெளிச்சம் படப்பட சாம்பலும் பழுப்புமாக மாறும். கர்ப்பத்தின் பிற்பாதியிலும் எட்டு வயதுக்குள்ளும் அதைத் தவிர்ப்பது இதற்காகத்தான்.

கேள்வி: வயதானால் பல் மஞ்சளாவது ஏன்? நன்றாகத்தானே துலக்குகிறேன்.

நீங்கள் துலக்குவதில் குறையில்லை. எனாமல் ஒளியை ஓரளவு ஊடுருவ விடும். அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, டென்டின் சேர்ந்து தடிக்கிறது. நிறம் உள்ளிருந்து தெரிகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: பல்லை வைத்து வயதையும் நோயையும் கண்டுபிடிக்கிறார்களே, எப்படி?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. எனாமல் ஒருமுறை உருவான பின் மாற்றி அமைக்கப்படுவதே இல்லை. எலும்பு தன்னை அழித்து அழித்துப் புதுப்பித்துக்கொள்ளும், எனாமல் அப்படிச் செய்யாது. பல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு நாளின் வளர்ச்சியும் ஒரு சிறு குறுக்குவரியாகத் தெரியும். 6 முதல் 12 நாளுக்கு ஒருமுறை இன்னும் அழுத்தமான ஒரு கோடு விழும். ரெட்சியஸ் கோடு என்று பெயர். பிறந்த நேரமும் ஒரு கோடாகப் பதிவாகிறது. கருப்பையிலிருந்து வெளியே வரும்போது உடலில் ஏற்படும் பெரிய மாற்றத்தின் தடம் அது. பால் பற்களிலும், பெரும்பாலும் முதல் கடைவாய்ப் பல்லிலும் அதைப் பார்க்கலாம். குழந்தைப் பருவத்தில் கடும் நோய் வந்தாலும் அந்த நாட்களில் கோடு அழுத்தமாக விழும். பல்லாயிரம் ஆண்டு பழைய பல்லிலும் இதைப் படிக்க முடிகிறது.

அப்புறம், அமெலோஜெனின் மரபணு எக்ஸ், ஒய் இரண்டு குரோமோசோமிலும் சற்றே வேறுபட்ட வடிவில் இருக்கிறது. தடயவியலில் ஆணா பெண்ணா என்று கண்டறிய வழக்கமாகப் பார்ப்பது இந்த மரபணுவைத்தான்.

கேள்வி: எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கிறதே, மனிதருக்கு ஏன் முடியாது?

எலியின் வெட்டுப்பல் அடியில் மூலச்செல் கிடங்கு ஒன்று வாழ்நாள் முழுக்க இருக்கிறது. அதிலிருந்து புதுப்புது அமெலோபிளாஸ்ட்கள் வருகின்றன. நமக்கு அந்தக் கிடங்கு பல் உருவானதும் மூடப்பட்டுவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் எனாமல் செல்களை வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் செல் கிடைத்தால் மட்டும் போதாது. எதிரே டென்டின் செல்கள் வேண்டும், படிகங்கள் சரியான திசையில் அடுக்கப்பட வேண்டும், முதிர்வுக் கட்டமும் முழுதாக நடக்க வேண்டும். சிரமம் அங்கேதான்.

கேள்வி (பல் மருத்துவ மாணவர்): வேரிலும் டென்டின் இருக்கிறது. அங்கே ஏன் எனாமல் வருவதில்லை?

முதல் கேள்வியில் சொன்ன மணி வடிவத் திசுவின் விளிம்பிலிருந்து கீழே இறங்கும் ஹெர்ட்விக் உறைதான் வேரின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. அது எதிரே டென்டின் செல்களைத் தூண்டும், ஆனால் தான் அமெலோபிளாஸ்டாக மாறாது. டென்டின் வந்ததும் அந்த உறை கிழிந்துபோகிறது. வெளியே இருக்கும் திசுச் செல்கள் உள்ளே வந்து டென்டின் மேல் வேரை மூடும் பற்காரையை (சிமென்டம்) இடுகின்றன. எப்போதாவது உறையின் செல்கள் ஒட்டிக்கொண்டு நின்று அமெலோபிளாஸ்டாகிவிட்டால் வேரில் ஒரு சின்ன எனாமல் முத்து வரும், குறிப்பாகக் கடைவாய்ப் பல்லின் வேர் பிரியும் இடத்தில். எக்ஸ்ரேயில் அதைப் பல்லில் படிந்து இறுகிய அழுக்கு (கால்குலஸ்) என்று நினைத்துச் சுரண்டிக்கொண்டே இருக்காதீர்கள், அது வராது. அந்த இடத்தில் ஈறு இழைகள் ஒட்ட முடியாது என்பதால் ஈறு நோய் ஆழமாகப் போகும் வாய்ப்பு அதிகம். நோயாளிக்குச் சொல்லி, அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.