பழைய இங்கிலாந்து வெள்ளிக் கரண்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: காம்பின் பின்புறம் ஐந்து முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. எப்படிப் படிப்பது?

பதில்: நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும்; நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் ஷெஃபீல்டு. ஒற்றை எழுத்து ஆண்டுக்கு உரியது. எழுத்து வரிசை ஊருக்கு ஊர் வேறு என்பதால் ஊரை உறுதி செய்த பிறகே ஆண்டைத் தேடுங்கள். எழுத்தோடு அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். அரசர் அல்லது அரசியின் தலை 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளம். மிச்சம் இருப்பது செய்தவரின் பெயரெழுத்து.

கேள்வி: முத்திரைகள் குழிக்குப் பக்கத்தில் நசுங்கிக் கிடக்கின்றன. போலியா?

பதில்: அதை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்காதீர்கள். 1780 வாக்கில்தான் முத்திரை காம்பின் நுனிப் பக்கம் நகர்ந்தது. அதற்கு முன் குறுகிய கழுத்தில் குத்துவார்கள், காம்பு விரிந்துவிடும். திரும்பத் தட்டி ஒடுக்கும்போது முத்திரை நசுங்கும்.

கேள்வி: வாங்கும் முன் எங்கே பார்ப்பது?

பதில்: குழியின் நுனியை. தேய்ந்த நுனியை அரம் போட்டு மறுபடி உருட்டியிருந்தால் குழி காம்புக்குப் பொருந்தாமல் குட்டையாக நிற்கும். வலக்கைக்காரர் புழங்கிய கரண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயும். லேசாக இருந்தால் பரவாயில்லை, விளிம்பு கத்தி போல இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து காம்பு நுனியை விரலிடையில் பிடித்துப் பாருங்கள். நடுவில் மெலிந்திருந்தால் பழைய குடும்பச் சின்னத்தைச் சுரண்டியிருக்கிறார்கள். கழுத்தில் வாயால் ஊதுங்கள். ஆவி படியும்போது பற்றவைத்த கோடு தெரியும்.

கேள்வி: குழியில் பழங்கள் செதுக்கி, முலாம் பூசிய 1790-களின் கரண்டி?

பதில்: முத்திரை சொல்லும் வயது கரண்டிக்குத்தான். வேலைப்பாடு பெரும்பாலும் விக்டோரியா காலத்தில் ஏற்றியது. அழகுக்கு வாங்கலாம், அதற்கு முந்தைய ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வேலைப்பாட்டுக்கான விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஹெஸ்டர் பேட்மேன் கரண்டிக்கு ஏன் அவ்வளவு விலை?

பதில்: லண்டனில் வெள்ளிப் பட்டறை நடத்தி, 1761-இல் தன் முத்திரையைப் பதிந்த பெண் என்ற புகழ். கூடுதல் பணம் பெயருக்குப் போகிறது. தேய்ந்த ஹெஸ்டரைவிட, தேயாத பெயரறியாக் கரண்டியே என் தேர்வு.

கேள்வி: ஈ.பி.என்.எஸ். என்று இருக்கிறதே?

பதில்: நிக்கல் கலவை மேல் வெள்ளி முலாம்.

கேள்வி: கறுக்காமல் வைப்பது எப்படி?

பதில்: ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், கம்பளியில் சுற்றாதீர்கள்; இரண்டிலும் கந்தகம் உண்டு. முட்டை பட்டால் உடனே கழுவுங்கள். உப்பு வெள்ளியை அரிக்கும். உப்புக் கரண்டிக் குழியில் தங்க முலாம் இருப்பது அதனால்தான். பாலிஷ் சக்கரத்தில் மட்டும் கொடுக்காதீர்கள், ஒரே தடவையில் முத்திரையின் முனைகள் மழுங்கிவிடும்.