கவிஞர் முடியரசன் யார்? காரைக்குடியில் ஆசிரியராகவா இருந்தார்?

ஆமாம், பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர்தான். பிறந்தது 1920-இல், பெரியகுளத்தில், இயற்பெயர் துரைராசு. ஆனால் அவரை உருவாக்கியது செட்டிநாடு என்றே சொல்வேன். மேலைச்சிவபுரி கணேசர் செந்தமிழ்க் கல்லூரியில் வித்துவான் படித்தார். கொஞ்ச காலம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு 1949-இல் காரைக்குடி மீனாட்சிசுந்தரேசுவரர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தவர், 1978-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே தமிழ் சொல்லிக்கொடுத்தார்.

பாரதிதாசன் வழி வந்தவர், மரபுக் கவிதைதான் அவர் களம். அண்ணா அவரைத் 'திராவிட நாட்டின் வானம்பாடி' என்று பாராட்டினார், குன்றக்குடி அடிகளார் 'கவியரசு' பட்டம் கொடுத்தார். அவர் எழுதியதில் முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் 'பூங்கொடி'. மொழிக்காகப் போராடும் ஒரு பெண்ணை நாயகியாக வைத்து மணிமேகலையின் சாயலில் எழுதிய காப்பியம் அது, 1964-இல் வந்தது, அதாவது அடுத்த வருடம் வெடித்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்கு முன்பே. தமிழுக்காகப் பேசினால் சிக்கல் வரக்கூடிய நேரத்தில், மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்திய ஒரு ஆசிரியர் அதை எழுதினார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எனக்கு அவர்மேல் மரியாதை கூடுவது இன்னொரு விஷயத்தால். சாதி வேண்டாம் என்று பாட்டில் மட்டும் எழுதவில்லை, தானே கலப்புமணம் செய்துகொண்டார், பிள்ளைகளுக்கும் அப்படியே செய்துவைத்தார். அப்புறம், 1998 டிசம்பரில் காலமானார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது, அதனால் யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், தேடினால் கிடைக்கும்.