பெரிய ஆமை இருக்கும் தொட்டியில் குட்டி ஆமையை விடலாமா?

"ஐந்து ஆண்டுகளாக வளர்க்கும் சிவப்புக் காது ஆமை 17 சென்டிமீட்டர் இருக்கிறது. மகள் ஆசைப்பட்டு 4 சென்டிமீட்டர் குட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். தொட்டி பெரியதுதான், இரண்டையும் ஒன்றாக விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடாதீர்கள். குட்டியை இன்றிரவே தனியாக எடுத்துவிடுங்கள். இப்போதைக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நான் விட்டுப் பார்த்தவன். 2021இல், சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சமையலறை ஓரத்தில், ஏழு வயதாகியிருந்த என் ஆமை பெரியசாமியின் தொட்டியில் ஒரு குட்டியை இறக்கினேன். "இரண்டும் பழகிவிடும் அண்ணே" என்றார் கடைக்காரர். எட்டு நாள் பழகத்தான் செய்தன. ஒன்பதாம் நாள் காலையில் தண்ணீரில் நூல் போல இரத்தம். குட்டியின் வால் நுனியைக் காணவில்லை. மருத்துவர் சொன்னபடி மூன்று வாரம் அதை ஈரமில்லாத பெட்டியில் வைத்து, தீனிக்கு மட்டும் தண்ணீரில் விட்டு, காயத்துக்கு மருந்து போட்டுத் தேற்றினோம்.

பெரியசாமியைக் குற்றம் சொல்ல முடியாது. தீனி விழுகிற நேரத்தில் தண்ணீரில் எது அசைந்தாலும் அதற்குத் தீனிதான். சம அளவு ஆமையாக இருந்தால் அந்தக் கடி ஒரு கீறலோடு போயிருக்கும். கட்டைவிரல் அளவுக் குட்டிக்கு விரலோ வாலோ போய்விடுகிறது.

ஆனால் கடி கண்ணில் படுகிற ஆபத்து. படாதவைதான் எனக்கு அதிகம் உறுத்துகின்றன. பெரியது குட்டியின் மேல் ஏறி விளக்கு வெளிச்சத்தில் காய்ந்துகொண்டிருந்ததைப் படம் பிடித்து, "பாருங்கள், தோளில் கை போட்டிருக்கிறது" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் நான். அது கொஞ்சல் இல்லை, இடப்பிடிப்பு. சூடும் புறஊதா வெளிச்சமும் மேலே இருப்பதற்குக் கிடைக்கும், கீழே இருப்பதற்குக் கிடைக்காது. குட்டிப் பருவத்தில் அது கிடைக்காமல் போனால் ஓடு மென்மையாகி வளைந்துவிடும். சன்னலோரம் வைத்தால் வெயில் வருமே என்று நினைக்க வேண்டாம். தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

தீனியும் அப்படித்தான். குட்டிக்குப் புரதம் அதிகம் வேண்டும். வளர்ந்ததற்குக் கீரை, செடிதான் முக்கால் சாப்பாடு; நான் ஈரச்சந்தையில் வாங்கும் கங்குங் கீரை போடுகிறேன். ஒரே தொட்டியில் போட்டால் பெரியது இருவர் பங்கையும் தின்றுவிடும். கால் மடங்கும் இடத்தில் சதை பிதுங்கி நிற்கிறதா என்று உங்களுடையதை ஒரு முறை பாருங்கள். பிதுங்கினால் கொழுப்பு.

"சரி, குட்டி வளர்ந்ததும் சேர்க்கலாமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். குட்டியின் ஓடு பெரியதில் முக்கால் பங்கை எட்டும்வரை யோசிக்கவே வேண்டாம் என்பது என் அளவு. அதற்குள் இன்னொரு சிக்கல் வந்துவிடும். ஓடு ஏறத்தாழ 10 சென்டிமீட்டரைத் தொடும்வரை இவற்றில் ஆணா பெண்ணா என்று தெரிவதில்லை. பெரியசாமி 2022இல் ஒரு முட்டையிட்டுத் தான் யாரென்று சொன்னது. (பெயரை நாங்கள் மாற்றவில்லை.) ஆண் பக்கத்தில் இல்லாமலே பெண் முட்டையிடும், அது பொரியாது, அவ்வளவுதான். குட்டிக்கோ முன்னங்கால் நகங்கள் நீண்டன, வால் தடித்தது: ஆண். ஒரு மாலை சற்று நேரம் சேர்த்து விட்டபோது, அது பெரியசாமியின் முகத்துக்கு நேரே நகங்களைப் படபடவென்று அடித்தது. "பாட்டிக்கு விசிறுகிறது" என்றாள் என் மனைவி. அதுதான் இவற்றின் காதல். பெண் மசியாவிட்டால் கழுத்தைக் கடிக்கவும் செய்யும். ஆக, முதலில் பெரியதிடமிருந்து சிறியதைக் காப்பாற்றினேன், பிறகு சிறியதிடமிருந்து பெரியதை. இரண்டும் ஆணாகிவிட்டால் சண்டை இதைவிட மோசம்.

இடமில்லை என்றால் தொட்டிக்கு நடுவே தடுப்பு வைக்கலாம். கால் சிக்காத அளவு சிறு கண்களுள்ள பிளாஸ்டிக் தட்டி நல்லது. அது நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கட்டும், இவை நாம் நினைப்பதைவிட நன்றாக ஏறும். காயும் மேடும் விளக்கும் இரண்டு பக்கமும் தனித்தனி. ஆனால் தண்ணீர் ஒன்றே என்பதால் நோயும் ஒன்றே. புதியதை முதல் ஒரு மாதமாவது வேறு பாத்திரத்தில் வைத்துக் கவனித்த பிறகே இதைச் செய்யுங்கள். ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் என்பது வளர்ப்பவர்களின் கணக்கு. உங்கள் 17 சென்டிமீட்டருக்கு மட்டுமே 260 லிட்டருக்கு மேல் ஆகிறது. "தொட்டி பெரியதுதான்" என்றீர்களே, அளந்து பாருங்கள். நம் குழாய்நீரில் இருப்பது குளோரமின் என்னும் கிருமிநாசினி. இரவு முழுதும் வாளியில் வைத்தாலும் போகாது, அதை நீக்கும் மருந்தை ஊற்றித்தான் போக்க வேண்டும். சூடேற்றி மட்டும் நமக்குத் தேவையில்லை, சிங்கப்பூர் வெப்பமே போதும்.

ஆமை வேண்டாம், லெப்பர்ட் கெக்கோ என்னும் புள்ளிப் பல்லி வாங்கலாம் என்று மகள் கிளம்பினால், அதற்கு இங்கே அனுமதியில்லை. ஊர்வனவற்றில் சிவப்புக் காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும் மட்டுமே வளர்க்கலாம். அந்த இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். வேண்டாம் என்று நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுவது குற்றம்.

"தனியாக இருந்தால் ஏங்கிப்போகுமே" என்று மகள் அழலாம். ஏங்காது. தாய் ஆமை மண்ணில் முட்டையிட்டு மூடிவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பிவிடும். குட்டிகள் அதன் முகத்தைப் பார்த்ததே இல்லை. இரண்டாவது தொட்டிக்கு வீட்டில் உண்மையிலேயே இடமில்லை என்றால், கடையில் கேட்டு இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மகள் பெயர் வைத்துவிட்டால் பிறகு முடியாது.