திறந்திருக்கும் டேப்களைத் தேட ஒரே ஷார்ட்கட்: குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் வைப்பது எப்படி?

கேள்வி: அலுவலகத்தில் குரோம், வீட்டில் ஃபயர்ஃபாக்ஸ். இரண்டு கம்ப்யூட்டரும் விண்டோஸ்தான். எப்போதும் அறுபது எழுபது டேப் திறந்தே கிடக்கும். குரோமில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அடித்தால் டேப் தேடும் பெட்டி வருகிறது. அதே கைப்பழக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸில் அடித்தால் வேறு ஏதோ பக்கம் திறந்துகொள்கிறது. குரோமிலும் சில நேரம் அடித்தால் ஒன்றுமே நடப்பதில்லை. இரண்டிலும் ஒரே கீ வேலை செய்யும்படி நானாக ஒரு ஷார்ட்கட் சேர்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் குரோமின் செட்டிங்ஸுக்குள் அதற்கென்று ஒரு பகுதி இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தால், தேடுவதை நிறுத்திவிடுங்கள். தன் சொந்த ஷார்ட்கட்களை மாற்ற குரோம் இடம் தருவதில்லை. அதே அடித்தளத்தில் எழுதப்பட்ட பிரேவ், விவால்டி, ஓப்பரா ஆகிய மூன்று பிரவுசர்களும் தருகின்றன. அதனால் இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று சொல்ல மாட்டேன், குரோமின் பிடிவாதம் என்றே சொல்வேன். நாம் வெளியிலிருந்துதான் வழி செய்ய வேண்டும்.

முதலில், கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். குரோமின் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ உங்களுக்கே தெரியும். எட்ஜிலும் பிரேவிலும் அதே கீதான். ஓப்பராவில் கண்ட்ரோல்+ஸ்பேஸ். விவால்டியில் எஃப்2 அடித்தால் வரும் பெட்டி டேப், புக்மார்க், கட்டளை எல்லாவற்றையும் சேர்த்தே தேடும். குரோமில் இன்னொரு வாசலும் உண்டு: முகவரிப் பட்டையில் @ குறி போட்டு, ஒட்டியே ஆங்கிலத்தில் டேப்ஸ் என்று அடித்து, டேப் கீயைத் தட்டினால், அதன்பின் நீங்கள் அடிப்பதெல்லாம் திறந்திருக்கும் டேப்களுக்குள் மட்டும் தேடப்படும்.

ஃபயர்ஃபாக்ஸில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ என்பது ஆட்-ஆன்ஸ் பக்கத்தைத் திறக்கும் கீ. உங்களுக்கு வந்த அந்த 'வேறு ஏதோ பக்கம்' அதுதான். டேப் தேட அங்கே தனிக் கீ கிடையாது, தனிக் குறி உண்டு. கண்ட்ரோல்+எல் அடித்து முகவரிப் பட்டைக்குப் போய், % குறி போட்டு, ஒரு இடைவெளி விட்டு, தேடும் சொல்லை அடியுங்கள். திறந்திருக்கும் டேப்கள் மட்டும் வரிசையாக வரும். இதே பாணியில் * போட்டால் புக்மார்க், ^ போட்டால் ஹிஸ்டரி. பல வருடமாக ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களில்கூட இந்தச் சதவீதக் குறியைத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பட்டை தானாகவே கற்றுக்கொடுக்கும் விஷயமல்ல அது, யாராவது சொன்னால்தான் உண்டு.

சில நேரம் ஏன் ஒன்றும் நடப்பதில்லை?

புதிய கீ வைப்பதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் புதிதாக வைக்கும் கீயும் இதே மாதிரி ஒருநாள் காலை வாரும்.

நீங்கள் அழுத்தும் கீ நேராக பிரவுசரிடம் போவதில்லை. வழியில் பல கைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. முதலில் விண்டோஸும், பின்னணியில் ஓடும் மென்பொருள்களும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பவை, அரட்டை செயலிகள், கிராஃபிக்ஸ் கார்டோடு வரும் துணைச் செயலிகள் எல்லாம் கண்ட்ரோல்+ஷிஃப்ட் சேர்க்கைகளை ஆசையோடு பிடித்துவைத்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏவை எடுத்துக்கொண்டால், அப்படி ஒரு கீ அழுத்தப்பட்டதே பிரவுசருக்குத் தெரியாது.

அவற்றைத் தாண்டி வந்தால் பிரவுசர். கண்ட்ரோல்+டி (T), கண்ட்ரோல்+டபிள்யூ, கண்ட்ரோல்+என் போன்ற சிலவற்றைக் குரோம் யாருக்கும் விட்டுக்கொடுக்காது. மற்றவற்றை முதலில் திறந்திருக்கும் இணையப் பக்கத்திடம் காட்டும். பக்கம் 'எனக்கு வேண்டும்' என்று எடுத்துக்கொண்டால் கதை அங்கேயே முடிந்தது. பக்கம் கண்டுகொள்ளாவிட்டால்தான் டேப் தேடும் பெட்டி திறக்கும். பிரவுசருக்குள்ளேயே ஓடும் ஆவண எடிட்டர், வரைபடக் கருவி, ரிமோட் டெஸ்க்டாப் மாதிரியானவை நிறைய கீகளைத் தங்களுக்கென்று வைத்திருக்கும்.

சோதிக்க அரை நிமிடம் போதும். காலியான புதிய டேப் ஒன்றைத் திறந்து அதில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அடியுங்கள். அங்கே பெட்டி வந்து, குறிப்பிட்ட ஒரு தளத்தில் மட்டும் வராவிட்டால் திருடன் அந்தத் தளம். காலி டேப்பிலும் வராவிட்டால் வேறொரு மென்பொருள். டாஸ்க்பாரின் வலது மூலையில் ஒளிந்திருக்கும் ஐகான்களை ஒவ்வொன்றாக மூடி, ஒவ்வொரு முறையும் அடித்துப் பாருங்கள். எதை மூடியதும் வேலை செய்கிறதோ, அதன் செட்டிங்ஸில் 'ஹாட்கீ' என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே போய் அந்தக் கீயை விடுவித்துவிடுங்கள்.

எந்தக் கீயைத் தேர்ந்தெடுப்பது?

இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஆல்ட்+ஷிஃப்ட் சேர்ந்த எதுவும் வேண்டாம். விண்டோஸில் இரண்டு மொழிக் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு ஆல்ட்+ஷிஃப்ட் என்பது மொழி மாற்றும் கீ. டேப் தேடப் போய், தமிழில் இருந்த கீபோர்டு ஆங்கிலத்துக்குத் தாவி, அடுத்து அடிக்கும் மின்னஞ்சலின் முதல் வரி உளறலாக வந்து நிற்கும். நானே ஒரு வாரம் இதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கைவிட்டிருக்கிறேன். கண்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கையை எக்ஸ்டென்ஷன்களுக்கு (பிரவுசரில் நாமாகச் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்கள்) குரோம் அனுமதிப்பதே இல்லை. பல ஐரோப்பியக் கீபோர்டுகளில் அது எழுத்து அடிக்கப் பயன்படும் ஆல்ட்-ஜிஆர் கீயோடு மோதும் என்பதே காரணம். எஃப்9 மாதிரி தனி ஃபங்ஷன் கீயை ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன் ஏற்கும், குரோம் எக்ஸ்டென்ஷன் ஏற்காது. ஆல்ட்டோடு எஃப், இ, வி, எஸ், பி (B), டி (T), ஹெச் சேர்த்தால் ஃபயர்ஃபாக்ஸின் மெனுக்கள் விழும். ஆல்ட்+டி (D) இரண்டிலும் முகவரிப் பட்டைக்குப் போகும்.

இவ்வளவையும் கழித்தபின் மிஞ்சுவதில் என் தேர்வு ஆல்ட்+கியூ. இடக்கை ஒன்றே போதும், இரண்டு பிரவுசரிலும் அதற்கு முக்கியமான வேறு வேலை இல்லை.

எக்ஸ்டென்ஷன் போடும் வழி

டேப் தேடும் எக்ஸ்டென்ஷன்கள் இரண்டு பிரவுசருக்கும் நிறையக் கிடைக்கின்றன. ஒன்றைப் போட்டபின், குரோமில் மூன்று புள்ளி மெனு வழியாக எக்ஸ்டென்ஷன்களை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போங்கள். இடப்பக்கத்தில் 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' என்று இருக்கும். அங்கே அந்த எக்ஸ்டென்ஷனின் கட்டத்தில் இருக்கும் பென்சிலைத் தட்டி ஆல்ட்+கியூ அழுத்தினால் பதிவாகிவிடும். ஃபயர்ஃபாக்ஸில் ஆட்-ஆன்ஸ் பக்கம் (உங்களுக்குத்தான் அதைத் திறக்கும் கீ நன்றாகப் பழகிவிட்டதே), எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதி, மேலே உள்ள பற்சக்கர ஐகான், அதில் ஷார்ட்கட்களை நிர்வகிக்கும் தேர்வு. இரண்டிலும் அதே கீயைக் கொடுத்துவிட்டால் கேள்வி முடிந்தது.

ஒரு சின்னக் குழி: ஒரு கீயை ஏற்கெனவே ஒரு எக்ஸ்டென்ஷன் பிடித்திருந்தால், அதே கீயோடு அடுத்ததாக வரும் எக்ஸ்டென்ஷனுக்குக் குரோம் அதைத் தராது. தரவில்லை என்று சொல்லவும் செய்யாது, கட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். 'போட்டேன், வேலை செய்யவில்லை' என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

இந்த வழியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. டேப்களின் தலைப்பையும் முகவரியையும் எக்ஸ்டென்ஷன் படித்தால்தானே தேடித் தர முடியும்? அதனால் நிறுவும்போது 'உங்கள் பிரவுசிங் ஹிஸ்டரியைப் படிக்கும்' என்ற எச்சரிக்கையைக் குரோம் காட்டும். எச்சரிக்கை மிகையல்ல, உண்மை. நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதற்குத் தெரியும். இன்று நேர்மையாக இருக்கும் எக்ஸ்டென்ஷன் நாளை கைமாறவும் செய்யலாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்று டேப்களைத் தூங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் எக்ஸ்டென்ஷன் இருந்தது. லட்சக்கணக்கானோர் நம்பிப் பயன்படுத்தியது. 2020-ல் அதை உருவாக்கியவரிடமிருந்து வேறு கைக்குப் போனது. 2021 பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கியது. டேப் சம்பந்தமான எக்ஸ்டென்ஷன் எதைப் போடும்போதும் எனக்கு அது நினைவுக்கு வரும். எக்ஸ்டென்ஷன் போட்டே ஆக வேண்டுமென்றால், டேப்களைத் தாண்டி 'எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்' என்று கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். டேப் தேட அவ்வளவு அதிகாரம் தேவையில்லை.

நிரல் எழுதத் தெரிந்தவர் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளலாம், சிறிய வேலைதான். எழுதுபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தேடிய டேப் வேறொரு விண்டோவில் இருந்தால், அந்த டேப்பை ஆக்டிவ் ஆக்கினால் மட்டும் போதாது. அது பின்னால் மறைந்திருக்கும் விண்டோவுக்குள் முன்னால் வரும், உங்கள் கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. அந்த விண்டோவையும் தனியாக முன்னுக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் இல்லாமல்

நான் பயன்படுத்துவது இந்த வழிதான். ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருள். மேலே சொன்ன வரிசையில் பிரவுசருக்கும் முன்னால் நின்று கீயைப் பிடித்துக்கொள்வது அது. மற்ற செயலிகள் நமக்குச் செய்யும் திருட்டையே இங்கே நாம் நமக்காகச் செய்கிறோம். ஏழெட்டு வரியில் முடியும் ஸ்கிரிப்ட். முன்னால் இருப்பது குரோம் விண்டோ என்றால், ஆல்ட்+கியூ அழுத்தியதும் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அனுப்பு. ஃபயர்ஃபாக்ஸ் என்றால், கண்ட்ரோல்+எல் அனுப்பி, கண் இமைக்கும் நேரம் பொறுத்து, சதவீதக் குறியும் ஓர் இடைவெளியும் அடி. அந்தப் பொறுக்கும் நேரத்தை விட்டுவிடாதீர்கள், முகவரிப் பட்டைக்குக் கர்சர் போய்ச் சேருமுன் குறி வேறெங்காவது விழுந்துவிடும். நூறு மில்லி செகண்டில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். டேப்களின் பட்டியலை எந்த மூன்றாம் ஆளும் பார்ப்பதில்லை, தேடுவது அந்தந்த பிரவுசரே.

தமிழ்க் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம். ஸ்கிரிப்டில் 'ஏ', 'எல்' என்ற ஆங்கில எழுத்துகளை அப்படியே கொடுத்தால், கீபோர்டு தமிழில் இருக்கும்போது அந்த எழுத்து எந்தக் கீயில் இருக்கிறது என்று அதற்குப் பிடிபடாமல் போகலாம். எழுத்துக்குப் பதில் கீயின் விர்ச்சுவல் கீ எண்ணை, அதாவது அந்தக் கீக்கு விண்டோஸ் வைத்திருக்கும் எண்ணைக் கொடுங்கள்: ஏவுக்கு 41, எல்லுக்கு 4சி. சதவீதக் குறியைக் கீயாக அனுப்பாமல் உரையாக அனுப்பும் கட்டளையில் அனுப்புங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகள் பலவும் முதலாம் பதிப்புக்கானவை. 2022 இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பில் எழுதும் முறை மாறிவிட்டது, ஒன்றை மற்றதில் ஒட்டினால் பிழைச் செய்திதான் வரும்.

குரோமுக்கு மட்டும் போதும் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற துணைக்கருவித் தொகுப்பில் உள்ள கீபோர்டு மேனேஜரே போதும். ஒரு ஷார்ட்கட்டை இன்னொன்றாக மாற்றி, அது எந்தச் செயலியில் மட்டும் செல்லுபடி என்றும் சொல்லலாம். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தேவைப்படும் மூன்று படி அதில் சரிப்படாது. அலுவலகக் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ அனுமதி இல்லையென்றால், அங்கே குரோமின் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏவையே வைத்துக்கொண்டு, வீட்டில் ஃபயர்ஃபாக்ஸின் சதவீதக் குறியைப் பழகிக்கொள்வதே உங்களுக்கு வழி. இரண்டே நாளில் விரல் பழகிவிடும்.

கீ வேலை செய்தும் டேப் சிக்காவிட்டால்

குரோமின் பெட்டி பார்ப்பது டேப்பின் தலைப்பையும் தளத்தின் பெயரையும்தான். பக்கத்துக்குள் இருக்கும் வாசகத்தை அது தேடாது. 'முகப்பு' என்றே தலைப்பு வைத்த பக்கத்தைத் தலைப்பால் பிடிக்க முடியாது, தளத்தின் பெயரை அடியுங்கள். இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்தவையும் வேறு புரொஃபைலில் திறந்தவையும் இந்தப் பட்டியலில் வரவே வராது.

தமிழ்த் தலைப்புகளில் இன்னொரு தொல்லை. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'ஔ'வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் சேர்த்து அடித்து வைப்பவர்களும் உண்டு. தலைப்பு ஒரு விதமாகவும் உங்கள் கீபோர்டு வேறு விதமாகவும் எழுதியிருந்தால் கண்ணெதிரே இருக்கும் டேப்பும் தேடலில் சிக்காமல் போகலாம். அந்த மாதிரி நேரத்தில் ஒகர, ஓகார, ஔகாரம் இல்லாத இன்னொரு சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்து அடியுங்கள், அல்லது தளத்தின் பெயரில் முதல் மூன்று ஆங்கில எழுத்தை.