பிரித்தெடுத்த குரலும் உண்டாக்கிய குரலும்

கேள்வி: இங்கிலாந்தின் லிவர்பூலில் தோன்றிய பீற்றில்ஸ் இசைக்குழுவின் கடைசிப் பாடல் என்று 2023இல் வெளியான ‘நவ் அன்ட் தென்’ பாடலில், ஜோன் லெனனின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கியிருக்கிறார்கள். இறந்தவரைப் பாட வைத்துக் காசு பார்த்தவர்களுக்கு முதலிடமும் கிராமி விருதும் கொடுத்தது எந்த வகையில் நியாயம்?
– வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்ட தகவலே பிழையானது. அந்தப் பாடலில் லெனனின் குரலை எவரும் உண்டாக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில், நியூயோர்க்கில் தமது வீட்டில், பியானோவை வாசித்தபடி அவரே பாடிக் கசெற்றில் பதிந்து வைத்த குரல் அது. 1980 டிசெம்பர் 8ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் அவருடைய மனைவி யோகோ ஓனோ, முடிவுறாத சில பாடல்கள் அடங்கிய கசெற்றுகளைக் குழுவின் மற்றொரு பாடகரான போல் மக்கார்ட்னியிடம் கொடுத்தார். அவற்றில் இரண்டு பாடல்களை எஞ்சிய மூவரும் நிறைவுசெய்து 1995இலும் 1996இலும் வெளியிட்டார்கள். மூன்றாவதான இதையும் 1995இல் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். கசெற் முழுவதும் மின் இரைச்சல் ஓடியது. பியானோ குரலின் மேல் ஏறி நின்றது. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் சேர்ந்து மங்கியது. மூவரில் ஒருவரான ஜோர்ஜ் ஹரிசனுக்கு அந்த ஒலித்தரத்தில் திருப்தி ஏற்படவில்லை.

இந்தச் சிக்கல் எனக்கு வீட்டிலேயே பழக்கமானது. எங்கள் வீடு திருகோணமலை டச்பே கடற்கரைக்கு அருகில் இருந்த காலத்தில், சம்பந்தர் நம் கோணேசர்மீது பாடிய பதிகத்தை அப்பா ஒரு மாலை முன்விறாந்தையில் இருந்து பாட, அண்ணன் அதைக் கசெற்றில் பதிந்து வைத்தார். அப்பா போய்ப் பல வருடங்களுக்குப் பின்னர், ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் இளைஞர் ஒருவர் அதைக் கணினியில் ஏற்றி, அலையிரைச்சலை நீக்கிக் குரலைத் தனியே பிரித்துத் தந்தார். இரண்டாம் பாட்டின் நடுவில் அப்பா மூச்சு வாங்குவது அன்றுதான் எங்களுக்கு முதன்முதலாகக் கேட்டது. அதே வேளையில், சுருதி விலகும் இடத்தில் அவர் அப்படியே விலகித்தான் பாடுகிறார். கணினி அவரைத் திருத்தவும் இல்லை, அவர் பாடாத ஒரு சொல்லைப் பாட வைக்கவும் இல்லை. லெனனின் கசெற்றுக்கும் அடிப்படையில் நடந்தது இதுதான். 1969ஆம் ஆண்டுப் படச்சுருள்களைக் கொண்டு 2021இல் பீற்றில்ஸ் பற்றிய ஆவணத்தொடரை உருவாக்கிய இயக்குநர் பீற்றர் ஜக்சனின் குழுவினர், ஒரே பதிவில் கலந்து கிடந்த குரலையும் வாத்தியங்களையும் இனங்கண்டு பிரிப்பதற்குக் கணினியைப் பழக்கியிருந்தார்கள். அந்த முறையே இங்கும் பயன்பட்டது. ஹரிசன் 2001இல் காலமாகிவிட்டாலும், பாடலில் கேட்கும் அவருடைய கிற்றார் 1995இல் அவர் தம் கையால் வாசித்ததுதான்.

2023 யூனில் பிபிசி வானொலிக்கு வழங்கிய நேர்காணலில் மக்கார்ட்னி செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லை உச்சரித்ததும் உலகம் திடுக்கிட்டது. எதுவும் செயற்கையாக உருவாக்கப்படவில்லை என்று சில நாட்களில் அவர் விளக்கம் கொடுத்தார். முதற்செய்தி உப்புவெளி வரை வந்திருக்கிறது. விளக்கம் வந்து சேரவில்லை.

இறந்தவர் பாடாத பாட்டை அவர் குரலில் கேட்க வேண்டுமானால் நீங்கள் லிவர்பூல் வரை போகத் தேவையில்லை. 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தில் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டுருவாக்கினார். குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்று, அவர்களுக்கு உரிய ஊதியத்தையும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு பவதாரிணியின் குரலும் அவர் மறைவுக்குப் பின்னர் விஜய் படமொன்றின் பாடலில் இவ்வாறே ஒலித்தது. உங்கள் கேள்வி இந்தப் பாடல்களுக்குத்தான் பொருந்தும். அனுமதி பெற்றதை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு பாடகர் எந்த வரியில் அழுத்துவார், எந்த வரியைப் பாடவே மறுப்பார் என்பதைக் குடும்பத்தாரால்கூடச் சொல்லிவிட முடியாது என்பதே என் எண்ணம்.

வரவேற்பைப் பற்றியும் கேட்டீர்கள். 2023 நவம்பர் 2ஆம் திகதி வெளியான பாடல், 10ஆம் திகதி பிரித்தானியத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. 1969க்குப் பின்னர், 54 ஆண்டுகள் கழித்து, அந்தக் குழுவுக்குக் கிடைத்த முதலிடம் அது. அமெரிக்காவில் ஏழாம் இடம் வரை சென்றது. 2025இல் சிறந்த ரொக் நிகழ்த்துகைக்கான கிராமி விருதும் கிடைத்தது. பாசத்தால் வாங்கியவர்கள் ஏராளம் என்பதில் ஐயமில்லை. பாடலாக மட்டும் எடைபோட்டால் இது அவர்களுடைய உச்சங்களில் ஒன்றல்ல. தந்தி வாத்தியங்களின் பூச்சு சற்று அதிகம். ஆனால் எண்பது வயதை எட்டிய மக்கார்ட்னி தம் தளர்ந்த குரலை, நண்பரின் முப்பதுகளில் நின்றுவிட்ட குரலுக்கு அடியில் தாழ்த்திச் சேர்த்துப் பாடும் இடங்களை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பாடலில் என்ன சேர்த்தார்கள் என்று தேடுகிறீர்கள். எதைக் கழித்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். லெனனின் கசெற்றில், பல்லவிக்கு முன்னால் வேறொரு மெட்டில் நெளிந்து செல்லும் ஒரு பகுதி உண்டு. வெளியான பாடலில் அது இல்லை. லெனன் உயிரோடிருந்த காலத்தில் அவரும் மக்கார்ட்னியும் ஒருவர் பாட்டை மற்றவர் வெட்டுவதும் ஒட்டுவதும் வழக்கந்தான். ஆனால் அன்று வெட்டுப்பட்டவர் எதிரே இருந்து சண்டை பிடிக்கக்கூடியவராக இருந்தார். அந்தப் பகுதியின் தயக்கத்தில்தான் அந்தப் பாட்டின் உயிர் இருந்தது என்று நான் கருதுகிறேன். அதை நீக்கியதால் பாடல் சீரானது, கூடவே சாதாரணமாகவும் ஆனது.

அப்பாவின் பதிகத்தை முதல்நாள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியபோது, கண்ணை மூடி முழுவதையும் கேட்டுவிட்டு, “கடலை எங்கே விட்டனீங்கள்?” என்று கேட்டார். இப்போது வீட்டில் ஒலிப்பது பழைய பதிவுதான்.