குமாசிப் பள்ளியில் ரோபோ அணி – கடிதம், பதில்

அன்புள்ள சார்,

கானாவில் குமாசி நகரத்தில் ஒரு பிளைவுட் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடியிருப்பை ஒட்டி ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோபோ அணி ஒன்று தொடங்க உதவ முடியுமா என்று அதன் தலைமையாசிரியை கேட்டார். 24 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பறை, இரண்டு பிளக் பாயிண்ட், பழைய லேப்டாப் நான்கு. இணையம் கிடையாது, மின்சாரமும் வரும், போகும்.

ஊரிலுள்ள என் நண்பர்கள் பணம் தரத் தயார். உயர்ந்த கிட் ஒன்றாகப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். வருடக் கடைசியில் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பது தலைமையாசிரியையின் ஆசை. எதை வாங்குவது, எது எங்கே சொதப்பும்?

அன்புடன்,
ஒரு வாசகர், குமாசி

அன்புள்ள நண்பருக்கு,

உயர்ந்த கிட் ஒன்று வேண்டாம். 24 பிள்ளைகளுக்கு ஒரு கிட் என்றால் இரண்டு பேர் தொடுவார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு சிறிய பாகம் தொலைந்ததும் பெட்டி பீரோவுக்குள் போகும். நீண்ட விடுமுறையில் அதன் லித்தியம் பேட்டரி அடியோடு இறங்கிச் செத்துவிடும். மாற்று பேட்டரிக்கு வெளிநாட்டுக்கு எழுத வேண்டும். கெட்டுப்போனால் குமாசிக்குள்ளேயே மாற்றவோ சரிசெய்யவோ முடியாத எதையும் வாங்காதீர்கள். உங்கள் ஊரில் சுவாமே மேகசின் என்ற பட்டறைப் பேட்டை இருக்கிறது. லாரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் பட்டறைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்காகத் தபாலை எதிர்பார்த்துக் காத்திருப்பானேன்?

24 பேரை இரண்டு அணியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓர் அணி, இன்னொரு நாள் மற்றது, ஒவ்வொன்றும் 90 நிமிடம். ஒரு நேரத்தில் 12 பேர், நான்கு ரோபோ, நான்கு லேப்டாப். ஆக, ரோபோவுக்கு மூன்று பேர். ஒருவர் கணினியில், ஒருவர் வயரில், ஒருவர் தரையில் ஓடவிட்டு அளப்பதில். வகுப்புக்கு வகுப்பு இந்த வேலைகள் சுழல வேண்டும், அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பையன்கள் கீபோர்டைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் நோட்டில் குறிப்பெழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ரோபோவுக்கு வேண்டியவை: மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகை (இரண்டாம் பதிப்பு) ஒன்று, அதைச் செருகும் எட்ஜ் கனெக்டர் ஒன்று, மஞ்சள் நிற டிடி கியர் மோட்டார் இரண்டு, சக்கரம் இரண்டு, பலகையின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிஆர்வி 8833 மோட்டார் டிரைவர் ஒன்று, கோடு பார்க்கும் இன்ஃப்ராரெட் சென்சார் இரண்டு, ஏஏ அளவில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் ஆறு. தபாலும் சுங்கமும் நீங்கலாக ஏறக்குறைய 50 டாலரில் முடியும். செல் நீங்கலாக எல்லாவற்றிலும் கூடுதலாக ஒரு செட் வாங்குங்கள், மோட்டார் மட்டும் நான்கு கூடுதலாக. அடித்தளத்துக்கு 15க்கு 12 சென்டிமீட்டர் பிளைவுட் துண்டு போதும். அது உங்கள் கம்பெனிக் குப்பையிலேயே கிடக்கும். மூன்றாவது சக்கரத்துக்கு பாட்டில் மூடியில் ஒரு கோலிக்குண்டு.

டிரைவர் விஷயத்தில் கடைக்காரர் எல் 298 என்று ஒன்றைத் தருவார். பெரிய சிவப்புப் பலகை, பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும். ஆனால் அது ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். மோட்டாருக்கான நான்கு ரீசார்ஜ் செல் தருவதே 4.8 வோல்ட். மீதி 2.8 வோல்ட்டில் மோட்டார் முனகும், நகராது. 'மோட்டார் மட்டம்' என்று அதைத் தூக்கிப் போடுவார்கள்.

இணைப்பில் இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். பலகைக்கு இரண்டு செல், மோட்டாருக்கு நான்கு செல் என்று தனித்தனியாகக் கொடுங்கள். ஒரே பெட்டியிலிருந்து இரண்டுக்கும் கொடுத்தால், மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து பலகை ரீசெட் ஆகும். பிள்ளைகளுக்கு 'ரோபோ மறந்துபோச்சு' என்றுதான் தெரியும். தனித்தனியாகக் கொடுத்தாலும் இரண்டின் மைனஸையும் கட்டாயம் ஒன்றாக இணைக்க வேண்டும். அதை விட்டால் மோட்டார் பேய் பிடித்ததுபோல் தன்னிஷ்டத்துக்கு ஆடும். இரண்டாவது, வயரை எந்தப் பின்னில் (பலகையின் இணைப்பு முனை) மாட்டுவது என்ற தேர்வு. மைக்ரோபிட்டில் 3, 4, 6, 7, 10 ஆகிய பின்கள் முகப்பிலுள்ள 25 எல்இடிகளோடு பங்குபோட்டு வேலை செய்பவை. அவற்றில் மோட்டாரைப் பூட்டினால் திரையில் சிரித்த முகம் வரும்போதெல்லாம் சக்கரம் துடிக்கும். மோட்டாருக்கு 13, 14, 15, 16. சென்சாருக்கு 1, 2. இதைப் பலகையின் பக்கத்திலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவையுங்கள்.

ஒவ்வொரு மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட சிறிய செராமிக் கண்டன்சர் ஒன்றைப் பற்றவையுங்கள். மோட்டார் கிளப்பும், பலகையைக் குழப்பும் மின்சத்தத்தை அது அடக்கும்.

யூஎஸ்பி கேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செல்போன் கடையில் கிடைக்கும் கேபிள்களில் பல சார்ஜுக்கு மட்டுமானவை. டேட்டா வயரே உள்ளே இருக்காது. பலகையில் விளக்கு எரியும், லேப்டாப்பில் மட்டும் டிரைவ் தோன்றாது. முதல் வகுப்பு முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். கடையிலேயே உங்கள் போனை லேப்டாப்பில் மாட்டி, ஃபோட்டோ தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மைக்ரோபிட்டுக்கு நிரல் எழுதும் மேக்கோடு மென்பொருளை உங்கள் வீட்டு இணையத்தில் ஒருமுறை இறக்கிப் பள்ளி லேப்டாப்பில் நிறுவிவிட்டால் பிறகு இணையம் வேண்டாம். எழுதிய நிரலை பென் டிரைவில் போடுவதுபோல் பலகையில் காப்பி செய்தால் முடிந்தது.

ஆனால் முதல் இரண்டு வாரம் பெட்டியையே திறக்காதீர்கள். ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி ரோபோவாக நிறுத்துங்கள், மற்றவர்கள் கட்டளை கொடுக்கட்டும். ட்வி மொழியிலேயே கொடுக்கட்டும்: பென்கும் என்றால் இடது, நிஃபா என்றால் வலது. 'இடது' என்றால் இடப்பக்கம் திரும்புவதா, இடப்பக்கமாக நகர்வதா என்ற சண்டை கட்டாயம் வரும். அந்தச் சண்டைதான் நிரல் எழுதுவதில் முதல் பாடம். மூன்றாவது வாரம் பால் டின்னில் வண்டி. டின்னும் பழைய 'சாலே வோட்டே' செருப்பில் வெட்டிய சக்கரமுமாக வண்டி செய்வது கானாப் பிள்ளைகளுக்கு விளையாட்டு. நம்மூர் நுங்கு வண்டி மாதிரி. அதில் ஒரு மோட்டார், ஒரு செல் பெட்டி, ஒரு ஸ்விட்ச் வைத்துப் பூட்டினால் சர்க்யூட் என்ன என்பது புரிந்துவிடும். மைக்ரோபிட் நான்காவது வாரத்தில் வரட்டும்.

பிறகு நேராக ஓடவிடச் சொல்லுங்கள். ஓடாது, ஒரு பக்கம் இழுக்கும். எந்த இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. வேகமாகச் சுற்றும் மோட்டாருக்கு நிரலில் கொடுக்கும் வேக எண்ணை 800, 780, 760 என்று குறைத்துக் குறைத்து, இரண்டு மீட்டரில் எவ்வளவு விலகுகிறது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்தது திரும்புவது. இத்தனை மில்லி செகண்ட் சுற்றினால் 90 டிகிரி என்று கண்டுபிடித்துக் குதிப்பார்கள். செல் இறங்கியதும் மறுநாள் அதே எண்ணில் ரோபோ பாதி திரும்பி நிற்கும். அன்று அவர்களை அவசரப்பட்டுக் காப்பாற்றாதீர்கள். கோட்டைப் பார்த்துத் திரும்பும் சென்சார் எதற்கு என்பது அப்போதுதான் விளங்கும்.

ரோபோ ஓடும் தளத்துக்கு எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகை ஒன்று, மேலே மங்கலான வெள்ளை பெயிண்ட். உலக ரோபோ ஒலிம்பியாட் போட்டியின் ஆட்டவிரிப்பு 2362க்கு 1143 மில்லிமீட்டர், பலகைக்குள் அடங்கிவிடும். கோடு இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு, மங்கலான கறுப்பு பெயிண்டில் இருக்கட்டும். இன்சுலேஷன் டேப் பளபளத்தால் சென்சார் அதை வெள்ளை என்று படிக்கும். வராந்தாவில் வைத்து ஓட்டாதீர்கள். வெயிலிலேயே இன்ஃப்ராரெட் இருப்பதால் சென்சார் குருடாகிவிடும். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் ஒரு பாவாடை கட்டினால் வகுப்பறை ஜன்னல் வெளிச்சத்தைச் சமாளிக்கலாம். ஹர்மட்டான் காற்றில் புழுதி படியும் மாதங்களில் சக்கரம் வழுக்கும். ஈரத்துணியால் டயரையும் பிளைவுட் தளத்தையும் துடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

செல்கள்தான் உங்கள் உண்மையான செலவு. ஓட 24, சார்ஜரில் 8, ஆக 32. ஒவ்வொன்றிலும் எந்த ரோபோ, எத்தனையாவது செல் என்று எழுதுங்கள், ஒரு ரோபோவின் செல் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. நிறைந்த செல்லையும் இறங்கிய செல்லையும் கலந்து போட்டால் இறங்கியது தலைகீழாகச் சார்ஜ் ஆகிக் கெடும். செல்லைத் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜராக வாங்குங்கள். 'தும்சோர்' என்று கானாக்காரர்கள் சொல்லும் மின்வெட்டு, அந்த அணைதலும் எரிதலும், எப்போது வரும் என்று தெரியாது, ஆகவே வகுப்பு முடிந்த அன்றே சார்ஜில் போடுவது பழக்கமாகட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் கார்பன் செல் மோட்டாருக்கு உதவாது.

போட்டி முதல் வருடம் வேண்டாம், பள்ளிக்குள்ளேயே ஒரு நாள் நடத்துங்கள். ரோபோஃபெஸ்ட் போட்டியின் இளையோர் பிரிவு ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது, எந்த கிட்டும் கொண்டுவரலாம். கானாவுக்கு அது புதிதல்ல. 2019இல் மிச்சிகனில் நடந்த அதன் உலகப் போட்டியில் மாம்ஃபே மெதடிஸ்ட் பெண்கள் மேல்நிலைப் பள்ளி அணி வென்றது. நாசாவில் பணியாற்றும் கானாக்காரர் ஆஷிட்டே ட்ரெபி-ஒலென்னு 2011இல் தொடங்கிய கானா ரோபாட்டிக்ஸ் அகாடமி இத்தனை வருடம் விதைத்ததும் அந்த வெற்றியில் சேர்ந்திருக்கிறது. தலைமையாசிரியை அந்த அகாடமிக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதட்டும்.

ஆசிரியர் ஒருவர் போதாது, இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுங்கள். ஒருவருக்கு மாற்றல் வந்தால் அணியே கலைந்துவிடும். பீரோச் சாவியும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

இன்னொன்று. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த லித்தியம் செல்களை யாராவது சும்மா தருகிறேன் என்பார்கள். வாங்காதீர்கள். உள்ளே எது சேதமாகியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, முனைகள் ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கும். அதைப் பத்து வயதுப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது.

அன்புடன்